பானை ஸ்பீக்கர் முதல் போஸ் ஸ்பீக்கர் வரை... பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சிதம்பரத்தில் பஸ் ஏறி புவனகிரி ரோட்டில் கொஞ்ச நேரம் போனால் கீரப்பாளையம் வந்துவிடும். ஒன்றியத் தலைமையிடம் என்று போர்டு சொல்லும், ஆனால் அடிப்படையில் அது நெல் விளையும் ஊர். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் மாதங்களில் இந்தப் பக்கத்து வீடுகளில் இரண்டு பேச்சு கண்டிப்பாக நடக்கும். ஒன்று கல்யாணப் பேச்சு. இன்னொன்று "என்ன வாங்கலாம்?" என்ற பேச்சு. ஒரு காலத்தில் அது ரேடியோவாக இருந்தது, பிறகு டேப் ரெக்கார்டர், பிறகு ஹோம் தியேட்டர். இப்போது கார்.

காரில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. ஒரே கார், ஒரே இன்ஜின். ஆனால் மேல் வேரியன்ட் எடுத்தால் கதவில் ஒரு சின்ன உலோகத் தகடு ஒட்டியிருக்கும். அதில் "போஸ்" என்றோ "ஜே.பி.எல்." என்றோ "ஹார்மன்" என்றோ "சோனி" என்றோ எழுதியிருக்கும். அந்தத் தகடும் அதோடு வரும் இன்னும் நாலைந்து வசதிகளும் சேர்ந்து விலையை ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ஏற்றிவிடும். "சவுண்ட் சும்மா அதிரும் சார்" என்பார் விற்பனையாளர். பையன் தலையாட்டுவான், அப்பா கணக்குப் போடுவார்.

யார் சொல்வது சரி? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், ஸ்பீக்கருக்குப் "பெயர்" எப்படி வந்தது, அந்தப் பெயருக்குள் ஒவ்வொரு காலத்திலும் என்ன இருந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

நாய் மார்க் காலம்

இந்தியாவில் முதல் வணிக ரீதியான இசைத்தட்டுப் பதிவுகள் 1902-ல் கல்கத்தாவில் நடந்தன. பிரெட் கெய்ஸ்பர்க் என்ற பதிவாளர் லண்டனிலிருந்து வந்து கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவு செய்தார். 1908-ல் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவில் தொழிற்சாலையே ஆரம்பித்துவிட்டது. குழாய் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் நம்ம ஊரில் "நாய் மார்க்" ஆனது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் போய் நாய் மார்க் கேட்டு வாங்கலாம். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வரும் முன் இந்த இசைத்தட்டு வியாபாரத்தில்தான் கால் ஊன்றினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை.

பெயரை வைத்து ஒலியை விற்கும் வித்தையை இதைவிடப் பெரிதாகச் செய்தவர் எடிசன். 1915 முதல் பத்து வருடம் அமெரிக்கா முழுக்க அவர் கம்பெனி ஒரு வேடிக்கை நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் எடிசன் மெஷின். பாடகி பாடிக்கொண்டே இருப்பார், விளக்கை அணைப்பார்கள். விளக்கு மீண்டும் எரியும்போது பாடகி இருக்க மாட்டார், மெஷின் மட்டும் பாடிக்கொண்டிருக்கும்! கூட்டம் அசந்துபோய்க் கைதட்டும். ஆனால் இன்றைக்கு அந்த மெஷினைக் கேட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவது போல் இருக்கும். எப்படி ஏமாந்தார்கள்? பாடகிகள் தங்கள் குரலை மெஷின் அளவுக்கு அடக்கிப் பாடப் பழகியிருந்தார்கள். கேட்பவர்களும் "வித்தியாசம் தெரியாது" என்று விளம்பரத்தில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நம்பிக்கை முதலில், காது அப்புறம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

குழாய் கட்டிய காலம்

1915-ல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் மின்சாரத்தில் இயங்கும் ஒலிபெருக்கியை உருவாக்கி அதற்கு "மேக்னவாக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1925-ல், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் காகிதக் கூம்பும் கம்பிச் சுருளும் காந்தமும் சேர்ந்த ஸ்பீக்கரை வெளியிட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இன்றைக்குப் பல லட்சம் ரூபாய் விலைபோகும் ஸ்பீக்கரும், சைக்கிள் கடை ரேடியோவில் இருக்கும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் அதே 1925-ம் வருடத் தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. காந்தத்துக்கு நடுவில் சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு, கூம்பு ஆடினால் காற்று ஆடும். அவ்வளவுதான்.

நம் கிராமங்களுக்கு ஒலிபெருக்கி வந்தது வீட்டுப் பொருளாக அல்ல, ஊர்ப் பொருளாக. 1930-களில் காங்கிரஸ் மாநாடுகளில் "சிகாகோ ரேடியோ" என்ற பம்பாய்க் கம்பெனியின் மைக் காந்தியின் முன்னால் நின்றது. 1940-ல் டில்லியில் ஆரம்பித்த "அகுஜா" பின்னால் தமிழ்நாட்டு சவுண்ட் சர்வீஸ்காரர்களின் செல்லப் பிள்ளை ஆனது. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம்... எல்லாவற்றுக்கும் தென்னை மரத்திலோ மூங்கில் கழியிலோ குழாய் கட்டினார்கள். "ரேடியோ செட் கட்டியாச்சா?" என்று கேட்டால்தான் கல்யாண வீடு.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர், தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான் ஒலியாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். குழாய் அப்படியல்ல. அதன் வடிவம் காற்றோடு நன்றாகப் பிடித்துக்கொள்வதால் பல மடங்கு அதிகம் ஒலியாக்கும். அதனால்தான் 50 வாட் ஆம்ப்ளிபயரில் இரண்டு குழாய் கட்டினால் அடுத்த ஊர் வரைக்கும் பாட்டு கேட்டது. ஒலியின் தரம்? அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தூரம்தான் தரம். அகுஜாவின் பெயருக்குக் கொடுத்த காசு, மழையில் நனைந்தாலும் வேன் மேலிருந்து விழுந்தாலும் மறுநாள் வேலை செய்யும் என்ற உத்தரவாதத்துக்கான காசு. சவுண்ட் சர்வீஸ்காரருக்கு அது முதலீடு. முகூர்த்த நேரத்தில் மைக் செத்துப் போனால் அடுத்த கல்யாணம் அவருக்குக் கிடைக்காது. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அந்தப் பெயர் கொடுத்த காசுக்குத் தகுதியானதே.

பானைக்குள் ஒரு பௌதிகம்

எண்பதுகளில் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் ஒரு காட்சி உண்டு. மண்பானையின் வாயில் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தி மூலையில் வைத்திருப்பார்கள். கூடுவாஞ்சேரி முதல் கும்பகோணம் வரை இது நடந்தது. மரப்பெட்டிக்குக் காசு இல்லாததால் செய்த வேலை என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டியதில்லை.

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது, அதே நேரம் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். தவில் போன்ற கனத்த ஓசைகளில் இந்த அழிவு அதிகம். அதனால்தான் பெட்டி இல்லாத ஸ்பீக்கர் "கீச் கீச்" என்று மட்டும் பாடும். பானை அந்த இரண்டு காற்றையும் பிரித்து வைக்கிறது. மண் கனமானது என்பதால் தானும் சேர்ந்து அதிராது, வளைந்த சுவர் என்பதால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மாட்டிக்கொள்ளாது. குறை என்ன? பானையின் கொள்ளளவுக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்க்காததால் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் "தொம் தொம்" என்று தூக்கிக் கேட்கும்.

இந்தப் பொருத்தம் பார்ப்பதில்தான் மேல்நாட்டுக் கம்பெனிகள் காசு பார்த்தன. 1954-ல் எட்கர் வில்ச்சர் என்பவர் அமெரிக்காவில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தி, சின்னப் பெட்டியில் கனத்த ஓசையைக் கொண்டுவந்தார். அவருடைய "ஏ.ஆர்." கம்பெனியின் பெயருக்கு அன்றைக்குக் கொடுத்த காசு உண்மையில் அறிவுக்கான காசு. அந்த அறிவு வேறு எங்கும் கிடைக்காது.

ஆனால் அறிவு பூட்டியே இருப்பதில்லை. 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளரும், எழுபதுகளின் ஆரம்பத்தில் ரிச்சர்ட் ஸ்மால் என்பவரும் ஒரு ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதைச் சூத்திரமாகவே எழுதி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பெட்டி அடிக்கலாம். பெயருக்குக் கொடுக்கும் விலை இறங்கத் தொடங்கியிருக்க வேண்டிய இடம் இது. இறங்கியதா? இல்லை. ஏன் என்பதுதான் மீதிக் கதை.

ஒரு வங்காளியின் மகன்

நோனி கோபால் போஸ் ஆங்கிலேயருக்கு எதிரான அரசியலில் ஈடுபட்டு, போலீசுக்குத் தப்பி அமெரிக்கா போன வங்காளி. அவர் மகன் அமர் போஸ் 1929-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அப்பாவின் இறக்குமதி வியாபாரம் படுத்துவிட, பள்ளிக்கூடப் பையன் ரேடியோ ரிப்பேர் செய்து குடும்பத்துக்கு உதவினான். எம்.ஐ.டி.யில் படித்து 1956-ல் முனைவர் பட்டம் வாங்கும் சமயம், தனக்குத் தானே பரிசாக விலையுயர்ந்த ஒரு ஸ்டீரியோ வாங்கினார். அட்டையில் இருந்த அளவுகள் எல்லாம் பிரமாதம். வீட்டில் போட்டுக் கேட்டால் ஏமாற்றம்! கச்சேரியில் கேட்ட வயலின் இது இல்லையே என்று தோன்றியது.

வேடிக்கையைப் பாருங்கள். இன்றைக்கு உலகம் முழுக்க "விலைக்குத் தகுதியா?" என்று விவாதிக்கப்படும் போஸ் கம்பெனி பிறந்ததே "கொடுத்த காசுக்கு இது தகுதியில்லை" என்ற கோபத்தில்தான். 1964-ல் கம்பெனி ஆரம்பம், 1968-ல் "901" என்ற ஸ்பீக்கர். ஒன்பது சின்ன ஸ்பீக்கர்கள், அதில் எட்டு சுவரைப் பார்த்திருக்கும். கச்சேரி மண்டபத்தில் நம் காதுக்கு வருவதில் பெரும்பகுதி சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் என்பது அவர் வாதம்.

1970 மே மாதம் "கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்" என்ற நுகர்வோர் பத்திரிகை இந்த ஸ்பீக்கரைச் சோதித்து, வாத்தியங்களின் ஓசை அறைக்குள் அலைவது போல் இருக்கிறது என்று எழுதியது. போஸ் வழக்குப் போட்டார். சுவரை ஒட்டி அலைகிறது என்பதும் அறை முழுக்க அலைகிறது என்பதும் வேறு வேறு என்பது வாதம்! கீழ்க்கோர்ட்டில் சுமார் 1,15,000 டாலர் நஷ்ட ஈடு தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்திரிகை பக்கமே தீர்ப்புச் சொன்னது. பொருளைச் சோதித்தவர் தன் காதில் பட்டதைச் சொல்லில் கொண்டுவரும்போது ஏற்படும் பிழை, தெரிந்தே சொன்ன பொய் ஆகாது என்பது அதன் சாரம். ஸ்பீக்கர் பற்றிய ஒரு வாக்கியம் பேச்சுரிமைச் சட்டத்தில் பாடமாகிவிட்டது. பெயர் என்பது கம்பெனிக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

போஸ் தன் சொந்தப் பெயரைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. 2011-ல் கம்பெனியின் வாக்குரிமை இல்லாத பங்குகளில் பெரும்பகுதியை எம்.ஐ.டி.க்கே தானமாகக் கொடுத்தார். 2013-ல் காலமானார்.

ஆயிரம் வாட் பொய்

மறுபடி நம்ம ஊருக்கு வருவோம். எழுபது, எண்பதுகளில் இறக்குமதி வரி கடுமை. வெளிநாட்டு செட் வேண்டுமானால் சொந்தக்காரர் யாராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க வேண்டும். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கத்து வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. "நேஷனல் பானாசோனிக்" டூ-இன்-ஒன் வந்து இறங்கினால் தெருவே வேடிக்கை பார்க்கும். மற்றவர்களுக்குச் சென்னை பர்மா பஜார் அல்லது ரிச்சி தெரு.

அதுவும் முடியாதவர்களுக்கு அசெம்பிள்டு செட். ஐ.டி.ஐ. படித்த ஒரு அண்ணன் ஊருக்கு ஒருவர் இருப்பார். ஈயம் பற்றவைத்து, தகரப் பெட்டியில் ஆம்ப்ளிபயர் செய்து கொடுப்பார். சான்யோ கம்பெனியின் "எல்.ஏ.4440" என்ற ஒரு சில்லு இந்தியா முழுவதும் இந்த அண்ணன்மார்களை வாழ வைத்தது. கார் ஸ்டீரியோவுக்காகச் செய்யப்பட்ட அது, பக்கத்துக்கு 6 வாட் கொடுக்கும். இரண்டையும் ஒன்றாக இணைத்தால் 19 வாட். அவ்வளவுதான். ஆனால் பெட்டியின் மேல் "500 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்!

அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய கம்பெனிகளே "பி.எம்.பி.ஓ." என்று ஒரு கணக்கு வைத்திருந்தன. ஒரு நொடியில் சின்னத் துளி நேரம் மட்டும் வரக்கூடிய உச்சத்தை எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டி, இன்னும் சில பெருக்கல்கள் போட்டு வரும் எண் அது. அதற்கென்று எந்தப் பொது விதியும் கிடையாது. "2000 வாட் பி.எம்.பி.ஓ." என்று அட்டையில் போட்ட செட் உண்மையில் தொடர்ந்து கொடுப்பது 20, 30 வாட்டாக இருக்கும். அமெரிக்காவில் இந்தப் பொய்யைத் தடுக்க 1974-லேயே வர்த்தக ஆணையம் விதி போட்டுவிட்டது. தொடர்ந்து எவ்வளவு கொடுக்கும், அதில் எவ்வளவு சிதைவு என்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் வாங்குபவர் "வாட்" என்பதை நெல் மூட்டை போல எண்ணிக்கையாகப் பார்த்தார். அதிலும் ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் வாட் சுமார் பத்து மடங்கு ஆக வேண்டும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்.

பி.காம். பாடத்தில் வராத, ஆனால் வர வேண்டிய ஒரு கட்டுரை இங்கே பொருந்தும். ஜார்ஜ் ஆகர்லாப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் எழுதியது. பழைய கார் சந்தையில் எது நல்ல கார், எது ஓட்டை என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைத்தே விலை கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் விலகிவிடுவார், சந்தையில் ஓட்டைகள் மட்டும் மிஞ்சும். இதற்கு மருந்துகளில் ஒன்றாக அவர் சொன்னது பிராண்டு பெயர். இந்தச் சிந்தனைக்காக 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எல்லோரும் ஆயிரம் வாட் என்று பொய் சொல்லும் சந்தையில், உண்மையான 40 வாட்டை 40 என்று போடும் கம்பெனிக்குக் கூடக் கொஞ்சம் கொடுப்பது முட்டாள்தனம் அல்ல. அங்கே பெயர் என்பது நேர்மையின் விலை.

பெயர்கள் எல்லாம் ஒரே வீட்டில்

தொண்ணூறுகளுக்குப் பிறகு கதை திரும்புகிறது. ஜேம்ஸ் பி. லான்சிங் என்பவர் 1946-ல் ஆரம்பித்த கம்பெனிதான் ஜே.பி.எல். கடனில் தவித்து 1949-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் பெயர் மட்டும் பிழைத்தது. 1969-ல் அதை சிட்னி ஹார்மன் வாங்கினார். அவரே 1953-ல் பெர்னார்ட் கார்டனோடு சேர்ந்து ஹார்மன் கார்டன் ஆரம்பித்தவர். பிறகு இன்பினிட்டி, மார்க் லெவின்சன், ஏ.கே.ஜி. என்று ஒவ்வொன்றாக ஹார்மன் வீட்டுக்கு வந்தன. 2015-ல் டென்மார்க்கின் புகழ்பெற்ற பேங் அண்ட் ஓலுப்சனின் கார் ஆடியோ பிரிவும் ஹார்மனுக்குப் போனது. 2017-ல் ஹார்மனையே சுமார் 800 கோடி டாலருக்கு சாம்சங் வாங்கி முடித்தது. 2025-ல் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், டெனான், மராண்ட்ஸ், போல்க் பெயர்களும் ஹார்மன் வழியாக அதே வீட்டுக்கு வந்தன.

அதாவது ஒரு கார் கம்பெனி ஜே.பி.எல். போடுகிறது, இன்னொன்று ஹார்மன் கார்டன் போடுகிறது, மூன்றாவது பேங் அண்ட் ஓலுப்சன் போடுகிறது. "எது பெஸ்ட்?" என்று நண்பர்கள் சண்டை போடுகிறார்கள். மூன்று தகடுகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! கணக்குப் பதிவியலில் "நற்பெயர்" என்பதைத் தொட்டுப் பார்க்க முடியாத சொத்து என்று படிக்கிறோம். இங்கே அந்தத் தொட முடியாத சொத்தை அலுமினியத் தகட்டில் அச்சடித்துக் கதவில் ஒட்டி விற்கிறார்கள்.

இதனால் பொருள் மோசம் என்று அர்த்தம் இல்லை. தனித்தனியாக அளந்து, தனித்தனியாகச் சுருதி சேர்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் "லான்சிங் என்ற மேதையின் ரகசியம் இதற்குள் இருக்கிறது" என்று நினைத்துக் காசு கொடுத்தால், அந்த ரகசியம் எப்போதோ பாடப் புத்தகத்துக்கு வந்துவிட்டது.

கண்ணை மூடினால்...

ஹார்மன் வீட்டுக்குள்ளேயே ஒரு நேர்மையான சோதனை நடந்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல வருடம் ஸ்பீக்கர்களை அளந்த பிளாயிட் டூல் 1991-ல் ஹார்மனில் சேர்ந்தார். அவரும் ஷான் ஆலிவும் 1994-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 40 பேர், எல்லோரும் அந்தக் கம்பெனி ஊழியர்களே. நாலு ஸ்பீக்கர்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் வாங்கினார்கள், ஒரு முறை கண்ணால் பார்க்க வைத்து வாங்கினார்கள்.

திரை இருந்தபோது சின்னதாக, விலை குறைவாக இருந்த ஒரு பிளாஸ்டிக் செட் நன்றாகவே மதிப்பெண் வாங்கியது. திரையை எடுத்ததும் அது சரிந்தது. பெரிய, அழகான, விலை கூடிய பெட்டிகள் ஏறின. ஒலி மாறவில்லை, கண் மட்டும்தான் திறந்தது! எடிசன் மேடையில் விளக்கு அணைந்து எரிந்த கதையேதான், தலைகீழாக.

அதே சமயம் டூல், ஆலிவ் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. கண்ணை மூடிவிட்டால் பெரும்பாலானவர்களின் காது ஏறக்குறைய ஒரே மாதிரி தீர்ப்புத்தான் சொல்கிறது. எந்த ஸ்வரத்தையும் தூக்காமல், அமுக்காமல் சீராகப் பாடும் ஸ்பீக்கரைத்தான் பயிற்சி உள்ளவரும் இல்லாதவரும் விரும்புகிறார்கள். ஆக "எல்லாம் ஒன்றுதான், பெயர் மட்டும்தான் வித்தியாசம்" என்பதும் தப்பு. நல்ல ஸ்பீக்கர், கெட்ட ஸ்பீக்கர் என்று உண்மையிலேயே உண்டு. விலையும் பெயரும் மட்டும் அதைச் சொல்லிவிடாது.

காருக்குள் கணக்கு

போஸ் எண்பதுகளின் ஆரம்பத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குள் நுழைந்தபோது சொன்ன நியாயம் அருமையானது. வீட்டில் ஸ்பீக்கரை யார் எங்கே வைப்பார்கள் என்று செய்பவருக்குத் தெரியாது. காரில் தெரியும். சீட் எங்கே, கண்ணாடி எங்கே, காது எங்கே என்று எல்லாம் முன்னாலேயே தெரியும். அதனால் அந்தக் காருக்கென்றே சுருதி சேர்க்கலாம். இது உண்மையான பயன். இன்று சென்னைக்கு வெளியே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாராகும் கிரெட்டா வரை அந்தப் பெயர் வந்துவிட்டது. 2020-ல் வந்த கிரெட்டாவின் மேல் வேரியன்ட்டில் எட்டு ஸ்பீக்கரோடு போஸ் இருந்தது. 2021-ல் வந்த மகிந்திரா எக்ஸ்.யூ.வி.700-ல் பன்னிரண்டு ஸ்பீக்கரோடு சோனி.

ஆனால் கார் என்பது நிற்கும் இடம் அல்ல, ஓடும் இடம். நாலுவழிச் சாலையில் வேகமெடுத்ததும் டயர் சத்தமும் காற்றும் சேர்ந்து பாட்டின் மெல்லிய பகுதிகளை முழுங்கிவிடும். வீணையின் கடைசி அதிர்வுக்குக் கொடுத்த காசு ரோட்டோடு போகும்.

இப்போது அப்பாவின் கணக்கு. மேல் வேரியன்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல், அதையும் கடனில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் சுமார் 3,114 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 1,86,800. வட்டி மட்டுமே 36,800-க்கு மேல். அந்த வட்டிப் பணத்திலேயே கீழ் வேரியன்ட் காரில் நல்ல ஸ்பீக்கர் போட்டு, கதவுக்குள் அதிர்வைத் தடுக்கும் ஷீட்டும் ஒட்டலாம். (கம்பெனி ஒயரை வெட்டாமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டியில் வில்லங்கம் வரும்.) ஒன்றரை லட்சத்தில் சன்ரூப், கேமரா, கூடுதல் ஏர்பேக் எல்லாம் சேர்ந்து வருகிறது என்பார்கள். அதுதான் கட்டி விற்கும் தந்திரம். ஏர்பேக் வேண்டும் என்பவரும் ஸ்பீக்கருக்குச் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். எது தனக்கு வேண்டும் என்று பிரித்துப் பார்க்கிறவர் தப்பிப்பார்.

வீட்டுக்குள் ஓடும் ஒட்டும்

வீட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புது வகுப்பறையில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை, அவ்வளவு எதிரொலி. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைச் சரி செய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்திலிருந்து சீட் மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி அடுக்கி எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அரங்க ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளில் பிறந்தது.

கீரப்பாளையம் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். சாய்ந்த கூரை, ஓட்டுக்கு நடுவே இடைவெளி, திறந்த முற்றம், நெல் மூட்டை, பாய், துணிக்கொடி. ஒலி போய் ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம். மரப்பெட்டி வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி அந்தத் திண்ணையில் இனிமையாக ஒலித்ததற்கு ரேடியோ மட்டும் காரணம் இல்லை. இப்போதைய ஒட்டு வீடு? நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், பெரிய ஜன்னல் கண்ணாடி. அதில் ஒரு லட்சம் ரூபாய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் சபைன் பார்த்த வகுப்பறை மாதிரித்தான் இரையும். முதலில் கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், ஒரு துணி சோபா, புத்தக அலமாரி. இதற்கெல்லாம் ஆகும் செலவு பல ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கர் மாற்றத்தைவிட அதிகப் பலன் தரும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்துவதற்கோ காசே வேண்டாம்.

அப்படியானால் தகுதியா, இல்லையா?

வரலாறு ஒரே பதில் சொல்லவில்லை. மூன்று பதில் சொல்கிறது. வில்ச்சர் காலத்தில் பெயருக்குள் அறிவு இருந்தது, அதற்குக் கொடுத்த காசு வீண் இல்லை. பி.எம்.பி.ஓ. காலத்தில் பெயருக்குள் நேர்மை இருந்தது, அதற்கும் கொடுக்கலாம். இன்றைக்கு அறிவு பொதுச்சொத்து ஆகிவிட்டது, அளவுகள் வெளியே கிடைக்கின்றன. பெயருக்குள் மிச்சம் இருப்பது கொஞ்சம் உத்தரவாதம், கொஞ்சம் சர்வீஸ், மீதி கௌரவம். 1899-லேயே தார்ஸ்டீன் வெப்ளன் சொன்ன கணக்கு அது. சில பொருள்களை விலை அதிகம் என்பதற்காகவே வாங்குகிறோம், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிவதற்காக.

அந்தக் கௌரவத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஊர்க் குழாயில் அடுத்தவர் போட்ட பாட்டைத் தூரத்திலிருந்து கேட்ட குடும்பம், தன் காசில், தனக்குப் பிடித்த பாட்டை, நல்ல ஒலியில் கேட்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? தப்பு ஆசையில் இல்லை. அந்த ஆசையை யாரோ ஒரு தகட்டில் அச்சடித்து, ஐந்து வருட வட்டியோடு திருப்பி விற்கும்போது கேள்வி கேட்காமல் இருப்பதில்தான் தப்பு.

கேள்வி கேட்பதும் கஷ்டம் இல்லை. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். நாதஸ்வரம் இருந்தால் இன்னும் நல்லது. சிதம்பரம் தேர்த் திருவிழாவில் பக்கத்தில் நின்று நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுக்கு எது நிஜம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இரண்டு செட்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் சத்தம் கூடினாலே நல்லதாகத் தோன்றும், கடைக்காரருக்கு அது தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

கண்ணை மூடியும் வித்தியாசம் தெரிந்தால், கடன் வாங்காமல் முடிந்தால், வாங்கலாம். தெரியவில்லை என்றால் அப்பா போட்ட கணக்குத்தான் சரி.